நாலு ஆரஞ்சு

மெம்பர் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு வீட்டுப் படி ஏறினால், அந்த வீட்டில் எட்டு நாளைக்குள் சாவு விழும் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் இல்லை, போன வருஷம். ஐம்பத்திரண்டு வயதில், பி.காம். சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு, பல்லி விழுந்த பலன் பார்க்கிற பெண்டாட்டியைப் பத்துப் பேர் முன்னால் கேலி செய்துகொண்டு, நம்பினேன்.

ஆதாரம் இருந்தது. பழைய போஸ்ட்மாஸ்டர் மூச்சு வாங்கிப் படுத்தார். புதன்கிழமை மெம்பர் ஆரஞ்சோடு போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்கு மெம்பருடைய ஐஸ்பெட்டி போனது. கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆரஞ்சு, ஆறாம் நாள் ஐஸ்பெட்டி. தையல்காரருடைய அம்மாவுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. அந்த அம்மையைக் கொண்டுபோக எமனே போதும், ஆரஞ்சு வேண்டியதில்லை. ஆனாலும் அதையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். மூன்று இருந்தால்தான் ஒரு சாஸ்திரத்துக்குக் கௌரவம்.

மெம்பர் என்றால் எங்கள் பஞ்சாயத்தின் வார்டு மெம்பர். கொட்டாரத்துக்குப் பக்கத்தில், வயலும் வீட்டுமனையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கிற ஊர் எங்களுடையது. மெம்பர் ஆவதற்கு முன்னும் பின்னும் அவருக்குப் பந்தல் வியாபாரம். நாற்காலி, மேஜை, பெரிய வட்டப்பாத்திரம், லைட், மைக் செட் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பார். கடைசியாக வாங்கியது ஐஸ்பெட்டி. மகன் மஸ்கட்டிலிருந்து வந்து சேரும்வரை அப்பாவைக் காக்கவைக்கிற, மேலே கண்ணாடி மூடி போட்ட பெட்டி. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருப்பதால் அந்தப் பெட்டிக்கு ஓய்வு என்பதே கிடையாது. “பெட்டி ஒரு நாளும் சும்மா கெடக்கப்பிடாது மக்கா. கெடந்தா உள்ள எலி போயிரும்” என்பார்.

இதை எல்லாம் எழுதுகிற நான் பெரிய யோக்கியன் இல்லை. கொட்டாரம் சந்திப்பில் எனக்கு ஃப்ளெக்ஸ், ஜெராக்ஸ் கடை. பிறந்தநாள் வாழ்த்து, பூப்புனித நீராட்டு, தேர்தல், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். அவர் பெட்டி போகிற வீட்டுக்கு என் போஸ்டரும் போகும். வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டிருக்கும்போதே மெம்பர் எனக்குப் போன் பண்ணுவார். “மக்கா, தோற்றம் மறைவு எழுதிக்கோ” என்று தேதி சொல்லுவார். அதில் அவருக்குப் பத்து சதவீதம். அவர் கேட்டதும் இல்லை, நான் கொடுக்காமல் இருந்ததும் இல்லை.

‘சும்மா’ என்ற சொல் அவருக்கு ஆகாது. யாராவது அவர் நாற்காலி அடுக்கி வைத்திருக்கிற செட்டுக்குப் போய், “சும்மாதான் வந்தேன் அண்ணாச்சி” என்று சொன்னால், நாற்காலியைக்கூட இழுத்துப் போடமாட்டார்.

“சும்மா ஒருத்தனும் வரமாட்டான். காரியத்தச் சொல்லு.”

“இல்ல அண்ணாச்சி, இந்தப் பக்கம் போனேன்...”

“போனவன் போவாம என்னத்துக்கு நிக்கா?”

நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் அப்படித்தான். எண்ணி நாலு ஆரஞ்சு வாங்குவார். வீட்டுக்காரர்களிடம் கொடுப்பார். உட்கார்ந்ததும் அதிலேயே ஒன்றை எடுத்து உரித்துத் தின்பார். முதல் தடவை பார்க்கிறவர்கள் திகைத்துப்போவார்கள். “சந்தையிலேருந்து இங்கன வரைக்கும் சுமந்துட்டு வந்திருக்கேன்லா. சுமட்டுக்கூலி” என்று கொட்டையைக் கையில் துப்புவார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு இரும்பு டேப் இருக்கும். பந்தலுக்கு இடம் அளக்கிற டேப். பேச்சு நடுவே கை அதை எடுத்து, கிறீச்சென்று ஒரு முழம் இழுத்து, உள்ளே விடும். வாசல், முற்றம், மாமரத்துக்கும் மதிலுக்கும் இடையே உள்ள தூரம் என்று கண் போகிற இடமெல்லாம் டேப்பும் போகும். படுக்கையில் கிடக்கிறவனுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் டீக்கடையில் நடித்துக்காட்டியிருக்கிறேன். நல்ல வரவேற்பு.

அவர் மெம்பர் ஆனதும் முதலில் செய்தது எங்கள் தெருவுக்கு கான்கிரீட் போட்டது. தெரு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கால்வாய்க்கரை அது. ஆட்டோ மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். என் அப்பாவுக்கு முடியாமல் வந்தபோது நாங்கள் நாலு பேர் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் நடந்தோம். மெயின் ரோட்டை எட்டும்போது அப்பாவுக்கு ஆட்டோ தேவைப்படவில்லை.

அந்தக் கரையை மெம்பர் அகலப்படுத்தினார். நடுவில் கிடந்த ஓடைக்கு மேல் ஸ்லாப் போட்டு, கான்கிரீட் போட்டு, ஓரம் கட்டினார். வேலையை எடுத்துச் செய்தவர் அவருடைய மச்சினன். வேலை முடிந்த மறுநாள் அந்த ரோட்டில் வந்த முதல் வண்டி, அவருடைய நாற்காலி ஏற்றிய வேன். அதுவரை கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த முப்பது வீட்டுக்காரர்களும் பந்தலுக்கு, சாமானைத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிற வேறு ஆளைத் தேடினார்கள், அவருடைய வேன் போகாது என்பதால்.

அந்த வருஷத்து கிராம சபைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்தார்.

“ரோடு போட்ட கான்ட்ராக்டர் உம்ம மச்சினன்தானே வேய்?”

“ஆமா சார்.”

“அதுல உமக்குப் பங்கு உண்டா?”

“உண்டு.”

பந்தலுக்குள் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. பந்தலும் அவருடையதுதான்.

“அப்ப இந்த ரோட்டுல உமக்கு லாபம்.”

“லாபம்தான். முந்தி இருந்த மெம்பருக்கும் லாபம் உண்டு, அதுக்கு முந்தினவருக்கும் உண்டு. ரோடு உண்டா? நீங்க சொல்லுங்க, ரோடு உண்டா?” மெம்பர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “லாபம் இல்லாத வேலைய மனுசன் பாதியில போட்டுட்டுப் போயிருவான். நான் போட்டுட்டுப் போவப்பிடாதுன்னுதான் எல்லாத்துலயும் எனக்கு ஒரு லாபம் வச்சுக்கிடுகேன். சார், அந்த ரோட்டுல ஒரு வெடிப்பு காட்டுங்க. காட்டுன எடத்துல நான் படுக்கேன். மேல லாரிய ஏத்துங்க.”

சிரிப்பும் கைதட்டும். கைதட்டியவர்களில் நானும் உண்டு. எனக்கு அவர் மாதம் நாலு போஸ்டர் தருகிறவர். வாத்தியார் எனக்கு ஜெராக்ஸுக்குச் சில்லறை தருகிறவர். வாத்தியார் சொன்னது தப்பில்லை என்று வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி ஜெயாவிடம் சொன்னேன். வீட்டில் நான் எப்போதும் நியாயத்தின் பக்கம்தான்.

ஆரஞ்சுக் கதையைக் கிளப்பியவன் நான்தான். தையல்காரர் அம்மாவின் போஸ்டரை அடித்த அன்று, கடைக்கு எதிரே டீக்கடையில் சொன்னேன்: “மெம்பர் ஆரஞ்சு வாங்குனா, அதோட எண்ணத் தொடங்கணும். ராக்கெட் விடுத மாதிரி. எட்டு, ஏழு, ஆறு...” டீக்கடையில் சிரித்தார்கள். அது போதும் எனக்கு. ஆனால் கதை அங்கேயே நிற்கவில்லை. பழக்கடைக்காரர், “இன்னைக்கு யாருக்கு மெம்பரே?” என்று கேட்கத் தொடங்கினார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில், வாசலில் பழப்பையோடு நிற்கிறவரைப் பார்த்துவிட்டு, “அவிய தூங்குகாவ” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். தூங்குகிறவருடைய டிவி உள்ளே அலறிக்கொண்டிருந்ததாம்.

ஒரு நாள் காலையில் மெம்பர் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மக்கா, ஊருல என்னத்தையோ பேசுகானுவளாமே. ஆரஞ்சப் பத்தி.”

“அப்படியா அண்ணாச்சி?” என் முகத்தை கம்ப்யூட்டருக்குள் ஒளித்துக்கொண்டேன்.

“யாரு கெளப்புனதுன்னு தெரியல. போட்டு. வியாபாரத்துக்குக் கேடில்ல. பேரு பரவட்டு.” டேப்பை இழுத்தார், விட்டார். பிறகு சொன்னார்: “ஆனா அந்தத் தையக்காரன் அம்மைக்கு ஆரஞ்சுன்னா உசிரு. பாதிப் பழம் தின்னா, கேட்டியா. பல்லில்லாத வாயி, சப்புச் சப்புன்னு தின்னா. நான் உரிச்சுக் குடுத்தேன்.”

நான், “ஓ” என்றேன். அவர் போனபிறகு டீக்கடைக்குப் போய், “அம்மைக்கு ஊட்டியும் விட்டிருக்காரு. எட்டு நாளு அஞ்சா ஆனது அதனாலதான்” என்றேன்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்த எனக்கு நெஞ்சில் ஆனை உட்கார்ந்தது. இடது கை என்னுடையது இல்லை என்பதுபோல் கனத்தது. வேர்வை தரையில் சொட்டியது. “கேஸு, சோடா வாங்கிட்டு வா” என்றேன். ஜெயா என் முகத்தைப் பார்த்தாள். சோடாவுக்குப் போகாமல் ஆட்டோவுக்குப் போன் பண்ணினாள். ஆட்டோ கான்கிரீட் ரோட்டில் நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

என் வெப்ராளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பதறுவதில் நான் மாவட்ட அளவில் பரிசு வாங்கக்கூடியவன். நெஞ்சில் வயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுக்கும்போது மற்றவர்களுக்குக் கடவுள் ஞாபகம் வருமாம். எனக்கு என் போஸ்டர்தான் வந்தது. எந்தப் போட்டோ போடுவார்கள்? நல்லதாக என்னிடம் இருப்பது கல்யாணப் போட்டோ ஒன்றுதான், மீசை முளைத்தும் முளைக்காமலும். ஊருக்கெல்லாம் போஸ்டர் அடித்தவனுடைய போஸ்டரை வேறு கடைக்காரன் அடிப்பான், எழுத்துப் பிழையோடு அடிப்பான் என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. “வலிக்குதா?” என்று நர்ஸ் கேட்டாள். “மறைவுக்கு வல்லின றகரம் போடணும்” என்றேன். அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைத்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். “அரை மணி நேரம் லேட்டா வந்திருந்தா சொல்ல முடியாது” என்றார் டாக்டர். அரை மணி நேரம் என்பது, பழைய கால்வாய்க்கரையில் என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் ஆகியிருக்கும் நேரம். அதை அன்றே நினைத்தேன். நினைத்துவிட்டு, மெம்பருக்கு இது தெரிந்தால் இதற்கும் பங்கு கேட்பார் என்று ஜெயாவிடம் ஜோக்கும் சொன்னேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்ததும் ஜெயாவுக்குக் கண்டிப்பாகச் சொன்னேன்: “யாரு கேட்டாலும் கேஸ். ஸ்டென்ட்டுன்னு ஒரு வார்த்தை வெளிய போவக்கூடாது.” காரணம் கேட்டாள். வியாபாரம் போய்விடும், வேலைக்கு முன்பணம் தரமாட்டார்கள் என்றெல்லாம் சொன்னேன். உண்மைக் காரணம் ஒன்றுதான். டீக்கடையில் நான் கற்றுக்கொடுத்த எண்ணிக்கையை என் பேரிலேயே தொடங்கிவிடுவார்கள். மெம்பர் ஆரஞ்சோடு வருவார்.

வந்தார்.

சாயங்காலம் நாலு மணி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கான்கிரீட் ரோட்டில் கையில் பழப்பையோடு மெதுவாக வந்துகொண்டிருந்தார். எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார். மதிலில் கை வைத்தார். நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். மதிலிலிருந்து வாசல்வரை அளவெடுக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டி, மணிக்கட்டுப் பிளாஸ்திரியை மறைத்தேன். தலை சீவினேன். பவுடர்கூடப் போட்டேன். ஜெயா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மெம்பர் படி ஏறுவதற்கு முன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“உள்ள வாங்க அண்ணாச்சி.”

“இருக்கேன், இருக்கேன்.” கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்து வந்தார். பையை மேஜைமேல் வைத்தார். நாலு ஆரஞ்சு. “சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் மக்கா.”

சும்மா! ‘சும்மா வந்தேன்’ என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறார் என்றால் எவ்வளவு நிச்சயமாக இருக்கிறார்!

“உனக்குச் சொகமில்லன்னு சொன்னானுவ. வலி எங்கன வந்துச்சு?”

“வலியா? ஒண்ணும் பெருசா இல்ல அண்ணாச்சி.”

“நெஞ்சுக்கு நடுவுலயா, எடப்பக்கமா?”

“அது... பொதுவா.”

“கைக்கு எறங்குச்சா?” அவர் முன்னால் குனிந்தார். “எடது கைக்கு. முட்டுக்குக் கீழ மரத்த மாதிரி?”

பழம் பழுத்துவிட்டதா என்று அமுக்கிப் பார்க்கிறவனுடைய கேள்விகள் என்று நினைத்தேன். அவருடைய கை சட்டைப்பைக்குப் போனது. டேப்பை எடுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. கை பையின் மேலேயே இருந்தது, மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. என்னை அளக்க வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

“வேர்த்துச்சா மக்கா? நடக்கும்போதா, சும்மா இருக்கும்போதா?”

“அண்ணாச்சி,” நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “கேஸ் ஆக்கும். வெறும் கேஸ்.”

“கேஸா?”

“பின்ன? இதே வலிதான், இதே கைதான், இதே வேர்வைதான். பயந்து நாகர்கோவிலுக்கு ஓடுனேன். அவன் எல்லாம் பார்த்துட்டு, போடே, இது கேஸ்னு அனுப்பிட்டான். வீட்டுக்கு வந்து இஞ்சியும் பூண்டும் ஓமமும் தட்டிப் போட்டுக் கஷாயம் குடிச்சேன். ஒரு ஏப்பம். சர்ப்பக்காவு நாகர் சீறுன மாதிரி. தீர்ந்துச்சு.”

“கைவலி?”

“அதுவும் கேஸ்தான். கேஸு எங்கெல்லாம் போவும்னு உமக்குத் தெரியாது அண்ணாச்சி.”

மெம்பர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவருகில் நின்ற ஜெயா வாயைத் திறந்தாள். “அண்ணாச்சி, எதுக்கும் ஒரு டாக்டர்ட்ட...”

“நீ போயி காப்பி போடு” என்றேன்.

போகவில்லை. நின்றாள். நான் சிரித்துக்கொண்டே மெம்பர் பக்கம் திரும்பி, அவருக்குப் பிடித்த பாஷையிலேயே சொன்னேன்: “நாம ஆஸ்பத்திரிக்குப் போனா அது அவனுக்குத்தான் லாபம். நமக்கு என்ன லாபம்? சொல்லும்.”

மெம்பர் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. தோளெல்லாம் தளர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. “அது சரி! அது சரிதான் மக்கா!” என்று என் தொடையில் தட்டினார். பிறகு எவ்வளவு இஞ்சி, எத்தனை பல் பூண்டு, வெறும் வயிற்றிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். விரலை மடக்கி மனப்பாடம் பண்ணிக்கொண்டார். போகும்போது வாசலில் திரும்பி, “ஒனக்குக் கோடி புண்ணியம்” என்றார்.

நான் பயந்த ஐஸ்பெட்டிக்காரனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. ஜெயா அன்று ராத்திரி கஞ்சியை என் முன்னால் டக்கென்று வைத்துவிட்டுப் போனாள். மேஜைமேல் ஆரஞ்சு நாலும் அப்படியே இருந்தது. நாலையும் கொண்டுபோய் வாழைமூட்டில் குழிதோண்டிப் புதைத்தேன். சுமட்டுக்கூலிப் பழத்தை அவர் எடுக்கவில்லை என்பதை மண்ணைப் போட்டு மூடும்போது கவனித்தேன். கவனித்தேன், அவ்வளவுதான்.

பிறகு எண்ணத் தொடங்கினேன். எட்டு, ஏழு, ஆறு. ஒவ்வொரு காலையிலும் கண் விழித்ததும் என்னையே கிள்ளிப் பார்த்துக்கொள்வேன். மூன்றாவது எண்ணில் விக்கல் வந்ததற்கு ஜெபம் பண்ணினேன், விளக்கும் ஏற்றினேன். எந்தக் கடவுளும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒன்பதாம் நாள் விடிந்தபோது நான் உயிரோடு இருந்தேன். ஜெயாவிடம் பாயசம் வைக்கச் சொன்னேன். “என்னத்துக்கு?” என்றாள். “சும்மா” என்றேன்.

அதற்கு ரெண்டு நாள் கழித்து சந்தையில் மெம்பரைப் பார்த்தேன். கடையில் நின்று இஞ்சி பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கிலோ.

“எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு? விருந்தா?”

“இல்ல மக்கா. வீட்டுக்கு.”

எனக்குப் புரிந்துவிட்டது. என் கஷாயத்தைக் குப்பியில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்கப்போகிறார். லேபிளை நம் கடையிலேயே அடிக்கச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். “நடக்கட்டு, நடக்கட்டு. எனக்கும் ஒரு பங்கு உண்டும்லா?” என்று கண்ணடித்தேன். அவர் சிரித்தார். முகம் மெலிந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் அவருடைய மச்சினன் கடைக்குப் போன் பண்ணினார்.

“அண்ணே, ஒரு போஸ்டர் அடிக்கணும். அர்ஜென்ட்.”

“சொல்லும். தோற்றம் மறைவு?”

“மறைவு இன்னைக்குத்தான்.”

“யாரு?”

“அத்தான்” என்றார்.

போட்டோ தேட வேண்டியிருக்கவில்லை. தேர்தலுக்கு நான் எடுத்த போட்டோ கம்ப்யூட்டரில் இருந்தது. வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, பையில் டேப். எடுத்த அன்றைக்கே, “இத அழிச்சிராத மக்கா, ரெண்டுக்கும் ஆவும். ஒரு செலவு மிச்சம்” என்று சொல்லியிருந்தார். ‘உங்கள் பொன்னான வாக்குகளை’ என்ற வரியை எடுத்துவிட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. மூன்று தடவை பார்த்தேன்.

அவருடைய ஐஸ்பெட்டி அன்றைக்கு வீட்டில் இல்லை. ரெண்டு ஊர் தள்ளி ஒரு கிழவரைக் கிடத்தியிருந்தார்கள், துபாயிலிருந்து மகன் வரவேண்டும். திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். “வாடகைக்குப் போனதப் பாதியில திருப்பக்கூடாதுன்னு அவிய சொல்லுவாவ” என்று அவருடைய மனைவி மறுத்துவிட்டார். குழித்துறையிலிருந்து வேறு ஆளுடைய பெட்டி வாடகைக்கு வந்தது. அதன் மோட்டார் சத்தம் தெருமுனைவரை கேட்டது. அவருடைய பெட்டியில் அப்படிச் சத்தம் வராது. கிரீஸ் போட்டுத் துடைத்து வைத்திருப்பார்.

ஐந்தாம் நாள் நானும் ஜெயாவும் கேதம் கேட்கப் போனோம். பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. மெம்பர் வீட்டு அக்கா ஜெயாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தம்பி, ஒங்களப் பத்திதான் அவிய பேசிக்கிட்டே இருந்தாவ.”

“என்னையா?”

“மாசி மாசத்துலேருந்தே நெஞ்சுல பிடிச்சுப்பிடிச்சு வலி. கை எப்பவும் நெஞ்சுலதான் இருக்கும். நாலு படி ஏறுனா உக்காந்துருவாவ. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு நான் கால்ல விழாத கொற. கேக்கல. ‘நானே பெட்டிக்காரன், நான் ஆஸ்பத்திரிக்குப் போறத ஊருல பார்த்தா ஆரஞ்சுக்குச் சிரிச்சவனெல்லாம் இதுக்கும் சிரிப்பானுவ’ன்னாவ. அப்பத்தான் ஒங்களுக்கும் இதேமாதிரி வலின்னு கேள்விப்பட்டாவ. ‘அவன் பெரிய டாக்டர எல்லாம் பார்த்துட்டு வந்திருக்கான். அவன்ட்ட போயி ஒக்கக் கேட்டுட்டு வாறேன். பைசா செலவில்லாம தெரிஞ்சிரும்’னு சொல்லிட்டு ஒங்க வீட்டுக்கு வந்தாவ. திரும்பி வந்து என்ன சிரிப்பு தெரியுமா. ‘கேஸுதான்ட்டி. நான் வீணாப் பயந்துட்டேன்’னாவ. அன்னைக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்குனாவ.”

ஜன்னல் படியில் ஒரு ஸ்டீல் பிளாஸ்க் இருந்தது. அந்த வீடு முழுக்க இஞ்சி வாசனை.

“கடைசி நாளுல கொஞ்சம் தைரியம் குடுத்தியளே தம்பி. நீங்க நல்லா இருக்கணும்.”

என் சட்டைக்கை ஏறியிருந்தது. மணிக்கட்டில் குழாய் விட்ட இடம் இன்னும் கறுத்திருந்தது. இழுத்து மூடினேன். ஜெயா அந்த அக்காவின் கையை விடவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ஜோக்குகளாக வந்தன. மூடிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து வந்தோம், கான்கிரீட் ரோட்டில். இன்றைக்கு வரைக்கும் அதில் ஒரு வெடிப்பு இல்லை.

அவருக்கு ரெண்டு மாதமாக நெஞ்சு வலித்தது. அவருக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒரே வலி. என் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். நான் கேஸ் என்று சொன்னேன். பதினெட்டு நாள் இஞ்சிக் கஷாயம் குடித்தார். பத்தொன்பதாம் நாள் காலையில், ஒரு கல்யாண வீட்டுக்கு நாற்காலி அனுப்ப செட்டைத் திறந்தவர், ஆறாவது நாற்காலியை எடுக்கும்போது இறந்துபோனார்.